ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

திருவானைக்கோவிலில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு சான்ட்ரோ கார் நிற்கிறது. 2006-இல் அப்பா வாங்கியது. பதினைந்து வருடம் முடிந்து 2021-இல் ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்திருக்கிறார். அப்பாவுக்கு இப்போது 79 வயது. பகலில், பக்கத்துத் தெருக்களில் மட்டும் ஓட்டுவார். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக, சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் போய்வர, அவ்வளவுதான். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வெளியே போனாலே பெரிது. மற்ற நாளெல்லாம் உறை போட்டு நிற்கும்.

ஆனால் அப்பா அந்த வண்டியைக் கவனிக்காமல் விட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்ததும் உறையை மடித்து வைத்துவிட்டு, சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிடுவார். கையில் வாட்ச் பார்ப்பார். அப்புறம் நிறுத்தி, துணியால் துடைத்து, மறுபடி உறை போடுவார். "பேட்டரி டவுன் ஆகாம இருக்கணும்ல" என்பார். வருடக்கணக்கில் இதைப் பார்த்து வளர்ந்த எனக்கும் இதுதான் சரி என்று மனதில் பதிந்திருந்தது.

போன வருடம் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும், அம்மாவுக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டி படபடப்பாக வந்திருக்கிறது. அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். திருப்பினால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். மீட்டர் விளக்குகள் மங்கி அணைந்தன. மறுபடி திருப்பினால் அந்தச் சத்தமும் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறும் அவருக்குச் சளி, காய்ச்சல். வண்டி பக்கமே போகவில்லை. எதிர் வீட்டு ஆட்டோ அண்ணனை எழுப்பி, ஆற்றைத் தாண்டி திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது, குளுக்கோஸ் ஏற்றியதும் அம்மா சரியாகிவிட்டாள். அந்த அண்ணன் அன்று ஊரில் இல்லாமல் போயிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் அடிவயிற்றைப் பிசையும். நான் இருப்பது குரோம்பேட்டையில். செய்தி எனக்கு விடிந்த பிறகுதான் வந்தது.

அந்த வாரம் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அதற்குள் பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்து, செத்துவிட்டது, இனி சார்ஜ் பிடிக்காது என்று சொல்லி, புதுசு மாட்டிவிட்டுப் போயிருந்தார். பழசு வாங்கி இரண்டரை வருடம்கூட ஆகவில்லை. அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "இப்பல்லாம் மட்டமான சரக்கா வருது." எனக்கு அது ஒப்பவில்லை. கடைத்தெருவில் நானூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வந்தேன்.

புது பேட்டரியை முழு சார்ஜில் அளந்தபோது 12.66 வோல்ட். அதைக் குறித்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் வண்டியை எடுப்பதற்கு முன் மீட்டரை ப்ளஸ்ஸிலும் மைனஸிலும் வைத்துப் பார்த்து எனக்குப் போனில் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் தவறாமல் சொன்னார். முதல் வாரம் 12.45. அடுத்து 12.32. அப்புறம் 12.20. நாலாவது வாரம் 12.06. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பத்து நிமிடம் தவறாமல் ஓடியிருக்கிறது. அப்படியும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்று சொல்கிறோமே தவிர, சும்மா இருக்கும்போது சரியாகப் பன்னிரண்டு காட்டினால் அதில் கால்வாசிதான் மிச்சம் என்று அர்த்தம். உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், நிறைந்திருந்தால் 12.6-க்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. கையிலிருக்கும் ஒரு மீட்டரும் இந்த நாலு எண்ணும் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் 13 வரைகூடக் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ். அப்பாவும் ஒரு தடவை அப்படி அளந்துவிட்டு, "பதிமூணு இருக்கே, ஃபுல்லா இருக்கு" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். மூன்று மணி நேரம் கழித்து அளக்கச் சொன்னேன். 12.4-ஐக்கூடத் தொடவில்லை.

நிற்கிற வண்டியில் எது மின்சாரத்தைக் குடிக்கிறது? அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அதையும் பார்த்தேன். மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் பத்து ஆம்பியர் ஓட்டையில் கம்பியை மாற்றிக்கொண்டு, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே வைத்தேன். எல்லாக் கதவும் சாத்தியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும், அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். வண்டியில் உள்ள மின்னணுப் பெட்டிகள் தூங்கப் போக நேரம் எடுக்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் போய்விடும். அரை மணி கழித்து 42 மில்லி ஆம்பியர் என்று நின்றது.

கேட்க ஒன்றுமில்லாத அளவு. கணக்குப் போட்டால்தான் தெரியும். 42 மில்லி ஆம்பியரை 24 மணி நேரத்தால் பெருக்கினால், ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணி. வாரத்துக்கு ஏழு போகிறது. பேட்டரி தானாகவே கசிந்து இழப்பது தனி, அதுவும் வெயிலில் கூடும். பத்து நிமிடம் இன்ஜின் ஓடும்போது திரும்பி வருவது எவ்வளவு? ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும்போது, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, அதில் ஃப்யூவல் பம்புக்கும் இக்னிஷனுக்கும் ஒரு பங்கு போகிறது. பேட்டரிக்குப் பத்து ஆம்பியர் போனதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் ஒன்றே முக்கால்கூட வராது. ஏழு போய் ஒன்றே முக்கால் வந்தால், வாரம் ஐந்து நஷ்டம். அப்பா சொன்ன எண்கள் இந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போயின.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் பெரிய குற்றவாளி, பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோ. சாவியை எடுத்தபிறகும் அணையாதபடி நேர் லைனில் இணைத்திருந்தார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதைச் சாவி வழியாக மாற்றியதும் 42 என்பது 16 ஆனது. மிச்சம் உள்ளது கடிகாரம், ரிமோட் லாக், இன்ஜின் கம்ப்யூட்டரின் ஞாபகம். அதைத் தொடக்கூடாது. மைனஸைக் கழற்றி வைத்துவிட்டால் போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாம்தான். கடிகாரத்தை மறுபடி திருத்த வேண்டும், இன்ஜின் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருப்பது அழிந்து முதல் கொஞ்ச நேரம் ஐட்லிங் தடுமாறலாம். அதைவிடப் பெரிய காரணம் எங்கள் வீட்டில் வேறு: ராத்திரி ஒன்றரை மணிக்கு 79 வயது மனிதர் பானெட்டைத் திறந்து பத்தாம் நம்பர் ஸ்பேனர் தேடக்கூடாது.

அரைகுறை சார்ஜில் மாதக்கணக்கில் நின்றால் பேட்டரி ஏன் சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் வெளியேறும்போது தகடுகள் இரண்டிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழையபடி ஆகிவிடும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் அந்தப் படிவு பெரிய பெரிய படிகமாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது, தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு ஆகாது. 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே முதல் ஈய-அமில பேட்டரியைச் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வேதியியல் மாறவில்லை. எங்கள் பழைய பேட்டரியில் சரக்கு மட்டமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இரண்டரை வருடமும் அதைப் பாதி வயிற்றோடு நிற்கவிட்டிருக்கிறோம்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தயக்கம். அத்தனை ஞாயிறும் அவர் அக்கறையாகச் செய்தது. நான் கணக்கைக் காட்டியபோது அவர் அதிகம் பேசவில்லை. "இன்ஜின் ஓடுறப்போ டெர்மினல்ல பதினாலு வோல்ட் வருதே, நானே அளந்தேனே" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். 2004-இல் பி.எஸ்.என்.எல்.லில் இருந்து ஓய்வு பெற்றார். சின்ன வயதில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோகும்போது பேட்டரி ரூம் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறேன். அமில வாசனையும், வரிசையாக நிற்கும் பெரிய பெரிய செல்களும், சுவரில் தொங்கும், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் இன்னும் கண்ணில் இருக்கின்றன.

"அப்பா, எக்ஸ்சேஞ்ச்ல கரண்ட் போச்சுன்னா பேட்டரிதானே தாங்கும்? மத்த நேரத்துல அதை எப்படி வெச்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஃப்ளோட்ல இருக்கும்."

"வாரத்துக்குப் பத்து நிமிஷம் சார்ஜ் போட்டு விட்ருவீங்களா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். நாற்பத்தெட்டு வோல்ட், இரண்டு வோல்ட் செல் இருபத்து நாலு. பவர் பிளாண்ட் என்று அவர்கள் சொல்லும் சார்ஜிங் கருவி எந்நேரமும் ஓடும், செல்லுக்கு 2.2 வோல்ட் வீதம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி எதுவும் கொடுக்காது, எதுவும் வாங்காது, கசிகிற அளவை மட்டும் நிரப்பிக்கொள்ளும். எல்லா செல்லுக்கும் மாதிரியாக, பைலட் செல் என்று ஒன்றைக் குறித்துவைத்து அதன் வோல்ட்டையும் அமிலத்தின் அடர்த்தியையும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் ஏற்றுவதற்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகும், கடைசிக் கொஞ்சம் ஏறுவதற்குத்தான் ரொம்ப நேரம் பிடிக்கும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முடித்துவிட்டு, "கார் பேட்டரிக்கும் ஃப்ளோட் சார்ஜர் வருதா?" என்று கேட்டார்.

வருகிறது. பேட்டரி மெயின்டெய்னர், ஸ்மார்ட் சார்ஜர் என்று பல பெயரில் விற்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்காமல் அது என்ன செய்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். பேட்டரிக் கடைகளில் இருக்கிற ஆம்பியர் முள் வைத்த கனமான சார்ஜர் நிறுத்தும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். இறங்கிய பேட்டரியை ஏற்ற அது நல்லது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வீட்டில் மாட்டி மறந்துவிட்டால் உள்ளே தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றி தகடு அரித்துப்போகும். டிரிக்கிள் சார்ஜர் என்று மலிவாக வருபவையும் பல சமயம் இதே ரகம்தான், சின்ன அளவில். நமக்கு வேண்டியது மூன்று கட்டமாக வேலை செய்வது. முதலில் 14.4 வோல்ட் பக்கம் வரும்வரை ஒரே அளவு மின்னோட்டம். பிறகு அந்த வோல்ட்டிலேயே நிறுத்தி, பேட்டரி வாங்குவது குறையும்வரை பொறுமை. கடைசியில் 13.5 பக்கமாக இறங்கி அப்படியே காத்திருப்பது. அதுதான் ஃப்ளோட். சில மாடல்கள் ஃப்ளோட்டுக்குப் பதிலாக முழுசாக அணைந்துவிட்டு, பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் தானே விழித்துக்கொள்ளும். அதுவும் நல்லதே.

எத்தனை ஆம்பியர் சார்ஜர்? ஏற்றிவைத்ததைக் காப்பாற்ற மட்டும் என்றால் ஒரு ஆம்பியரே போதும். எப்போதாவது விளக்கை அணைக்க மறந்து பேட்டரி இறங்கினால் ஒரு ராத்திரியில் ஏற வேண்டும் என்று நினைத்தால், பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு. 35-க்கு மூன்றரை. நாங்கள் அந்த அளவில்தான் வாங்கினோம், நாலாயிரத்துக்குள் முடிந்தது. ஏறக்குறைய ஒரு புது பேட்டரியின் விலை. இன்னொரு விஷயம், அடியோடு செத்த பேட்டரியை இந்த புத்திசாலிச் சார்ஜர்களில் பல தொடவே தொடாது. வோல்ட் மிகவும் இறங்கியிருந்தால் பேட்டரியே மாட்டவில்லை என்று நினைத்துப் பிழை காட்டும். நல்ல பேட்டரியில் முதல் நாளிலிருந்து மாட்டுவதுதான் வழி. ரிப்பேர், ரீகண்டிஷன் என்று ஒரு பட்டன் இருந்தால், பேட்டரி வண்டியில் இருக்கும்போது அதை அழுத்த வேண்டாம். அந்த முறையில் பதினைந்துக்கு மேல் வோல்ட் ஏறும், வண்டியின் எலெக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது.

மாட்டும் முறையில் அப்பா என்னைவிடக் கறார். முதலில் சிவப்பு, ப்ளஸ் டெர்மினலில். அடுத்து கறுப்பு, மைனஸில் வைக்காமல் பேட்டரியை விட்டுத் தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசியில்தான் சுவரில் பிளக். கழற்றும்போது அப்படியே தலைகீழ். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியே வரும், பொறி பறந்தால் வெடிக்கும். "பேட்டரி ரூம்ல பீடி பத்தவைக்க மாட்டோம்" என்றார். எங்கள் போர்ட்டிகோ மூன்று பக்கம் திறந்திருப்பதால் காற்றுக்குக் கவலையில்லை. பூட்டிய ஷெட்டில் வைத்திருப்பவர்கள் ஜன்னலாவது திறந்து வைக்க வேண்டும்.

தினம் கிளிப் மாட்டிக் கழற்றுவது அவருக்குச் சிரமம் என்பதால், சார்ஜரோடு வந்த வளையம் வைத்த ஒயரை டெர்மினல் நட்டிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டோம். அதில் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. மறு முனையில் உள்ள சின்ன சாக்கெட் முன்பக்க கிரில் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். பானெட்டைத் திறக்கவே வேண்டாம். வண்டியை எடுக்கும்போது சாக்கெட்டை இழுத்தால் போதும். அவசரத்தில் மறந்து ஒயரோடு இழுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்து, சார்ஜர் மாட்டியிருக்கும்போது கார்ச் சாவியைச் சார்ஜர் பிளக் பக்கத்து ஆணியில்தான் தொங்கவிடுவது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒயரை எலி கடிக்காமல் பார்க்க வேண்டும், அது எங்கள் தெருவில் எல்லா வண்டிக்கும் உள்ள தொல்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இவ்வளவு சுலபம் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் குரோம்பேட்டை அப்பார்ட்மென்டில் கீழே பார்க்கிங்கில் இருப்பது ஒரே ஒரு பிளக், அதுவும் மோட்டார் பக்கத்தில். சங்கத்தில் பேசி, வீட்டு மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்க அனுமதி வாங்குவதுதான் நியாயமான வழி. அது முடியாதென்றால் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய் ஏற்றலாம். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மின்சாரச் செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டாம். முழுக்க இறங்கிய 35 ஆம்பியர்-மணி பேட்டரியை ஏற்றவே முக்கால் யூனிட்டைத் தாண்டாது. ஃப்ளோட்டில் நிற்கும்போது இரவு விளக்கு அளவுதான்.

வெயில் காலத்தில் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறோம். திருச்சியில் மே மாதம் நாற்பது டிகிரி சாதாரணம். சூடு ஏற ஏற பேட்டரிக்குக் குறைந்த ஃப்ளோட் வோல்ட் போதும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 18 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். நாற்பதில் அது கால் வோல்ட்டுக்கு மேல். வெப்பத்தைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்கள் இருக்கின்றன, எங்களுடையது அந்த ரகம் இல்லை. அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை எந்நேரமும் மாட்டி வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டி சனிக்கிழமை காலையில் எடுத்துவிடுவார். எங்கள் பேட்டரி மூடி திறக்கும் ரகம் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்து, தகடு தெரிந்தால் டிஸ்டில்ட் வாட்டர் விடுகிறார். குழாய்த் தண்ணீரோ ஆசிட்டோ விடக்கூடாது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துகிற நாள் எல்லா ஊரிலும் உண்டு. கரண்ட் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும் சார்ஜரும் உண்டு, யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை சும்மா கிடப்பதும் உண்டு. இரண்டாவது ரகம் ஆளில்லாத வீட்டுக்கு உதவாது.

மெயின்டெய்னர் மாட்டிவிட்டோம் என்று வண்டியை ஓட்டாமலே விடவும் இல்லை. பேட்டரி தவிர டயர் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது. நான் ஊருக்குப் போகும் ஞாயிறு காலையில் மூன்று பேரும் முக்கொம்பு வரை போய்வருகிறோம். இன்ஜின் நன்றாகச் சூடாகி ஆயிலில் சேர்ந்த ஈரமெல்லாம் போகும். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து தேதி, நேரம், வோல்ட், தண்ணீர், குறிப்பு என்று ஐந்து கட்டம். ஹைட்ரோமீட்டர் ஒன்றும் வாங்கிவிட்டார். எக்ஸ்சேஞ்ச் செல்லைவிடக் கார் பேட்டரியில் அமிலம் கொஞ்சம் கெட்டி என்று எனக்குப் போனில் விளக்கினார். மூன்றாவது செல்லைப் பைலட் செல்லாக வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காபி முடிந்ததும் உறையை மடிப்பதும் துடைப்பதும் அப்படியே தொடர்கிறது. சாவி போடுவது மட்டும் இல்லை.

பத்து மாதம் ஆகிறது. போன ஞாயிறு எழுதியது: காலை 7.10. சார்ஜர் கழற்றி 12 மணி நேரம் கழித்து, 12.68.